அப்பாவுக்கு முதுகில் ஸ்டீராய்டு ஊசி, அதற்கு முன் எம்.ஆர்.ஐ. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 61. சின்ன வயதிலிருந்து வெள்ளிக் கொலுசு வேலை. தரையில் சம்மணம் போட்டு, குனிந்த தலை நிமிராமல் கண்ணி கோத்துப் பற்றவைக்கிற வேலை. இடுப்பு வலி அவருக்குப் புதிதில்லை. ஆனால் பொங்கலுக்குப் பிறகு வந்த வலி வேறு மாதிரி. இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, சுண்டுவிரல் வரை சுரீர் என்று இழுக்கிறது. இருமினால், தும்மினால் கூடுகிறது. ராத்திரி தூக்கமே இல்லை.

எலும்பு மருத்துவர் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று சந்தேகப்படுகிறார். மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் ஆறு வாரத்துக்கு மேல் பார்த்தாயிற்று. இப்போது எம்.ஆர்.ஐ. எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு நரம்பு வேர் பக்கத்தில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார்.

அம்மா ஒரேயடியாக மறுக்கிறார். முதுகுத்தண்டில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று அழுகை. பெரியப்பா எண்ணெய்க் கட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்கிறார். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். மூன்று வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் இன்னும் ஓடுகின்றன. உடம்புக்குள் ஸ்டென்ட் இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? இந்த ஊசியால் உண்மையில் பயன் உண்டா? போட்டுக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பிசியோ, அஸ்தம்பட்டி

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். சிறுநீர் வருவது தெரியாமல் போகிறதா, அல்லது முக்கினாலும் வரமாட்டேன் என்கிறதா? மலம் கட்டுப்பாடில்லாமல் போகிறதா? மலத்துவாரம், தொடை இடுக்கு, சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப்போயிருக்கிறதா? பாதம் தொங்குகிறதா, செருப்பு தானாகக் கழன்று விழுகிறதா? நுனிக்காலில் நிற்க முடிகிறதா?

இவற்றில் சிறுநீர், மலம், மரத்துப்போவது என எது இருந்தாலும் ஸ்கேனுக்குத் தேதி வாங்கிக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அது ஊசியில் தீர்கிற விஷயம் இல்லை, அறுவை சிகிச்சை. ராத்திரி என்றாலும் கிளம்புங்கள்.

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

சிறுநீர், மலம் எல்லாம் சரியாக இருக்கிறது அக்கா. மரத்துப்போனது பாதத்தின் வெளி ஓரம் மட்டும். இடது நுனிக்காலில் நிற்கச் சொன்னேன், கொஞ்சம் தடுமாறுகிறார், ஆனால் நிற்கிறார்.

பிசியோ, அஸ்தம்பட்டி

நல்லது. அதை மருத்துவரிடமும் அப்படியே சொல்லுங்கள். தடுமாற்றம் கூடினால் உடனே போய்ப் பாருங்கள். எண்ணெய்க் கட்டு, நெட்டி முறிப்பது இரண்டும் இப்போது வேண்டாம். பிதுங்கிய ஜவ்வு இருக்கிற இடத்தை யாரோ திருகி இழுத்தால் என்ன ஆகும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. மேலாகத் தைலம் தடவிச் சுடுதண்ணீர் ஊற்றினால் தப்பில்லை, பெரியப்பாவுக்கு அதோடு சமாதானம் சொல்லுங்கள்.

காந்த அறை

ஐந்து ரோடு பக்கம் ஒரு ஸ்கேன் மையத்தில் டெக்னீசியனாக இருக்கிறேன். எம்.ஆர்.ஐ. பற்றி நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

ஸ்டென்ட்தான் உங்கள் பெரிய கவலை என்று தெரிகிறது. இதய ரத்தக்குழாயில் வைக்கிற ஸ்டென்ட் எல்லாமே கிட்டத்தட்ட எம்.ஆர்.ஐ.க்கு ஒத்துவருகிறவைதான். மூன்று வருடம் ஆகிவிட்டது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த அட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கையில் இருக்கட்டும். எங்களுக்கு வாய் வார்த்தை போதாது, எழுத்தில் பார்த்தால்தான் நிம்மதி. பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, இன்சுலின் பம்ப் இவையெல்லாம் வேறு கதை. இருந்தால் தேதி வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். படுக்கையில் ஏறிய பிறகு சொன்னால் அன்றைக்கு ஸ்கேன் நடக்காது.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று: எம்.ஆர்.ஐ. மிஷினே ஒரு பெரிய காந்தம், அந்தக் காந்தத்தை நாங்கள் அணைப்பதே இல்லை. ஸ்கேன் ஓடாத நேரத்திலும், ராத்திரியிலும் அது முழு பலத்தோடு இருக்கும். காந்த பலத்தை அளக்கும் கணக்கில் 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. 2018 ஜனவரியில் மும்பையில் நோயாளிக்குத் துணையாக வந்த ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போய், சிலிண்டரோடு சேர்த்து இழுக்கப்பட்டு இறந்தே போனார். கதவருகில் நின்று ஒரே கேள்வியை நாங்கள் மூன்று முறை கேட்பது அதனால்தான். கூடவே வருகிறவர் உள்ளே வந்தால் அவருக்கும் அதே சோதனை உண்டு.

அப்பா பட்டறைக்காரர் என்கிறீர்கள். வெள்ளி மட்டுமா, இரும்பு வேலையும் பார்த்திருக்கிறாரா? லேத், கிரைண்டிங், வெல்டிங் பக்கம் வேலை செய்தபோது கண்ணில் துகள் விழுந்து எடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு துளி இரும்பு உள்ளே தங்கியிருந்தாலும் காந்தம் அதை நகர்த்தும், பார்வைக்கு ஆபத்து. சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவோம். சேலத்தில் பட்டறை இல்லாத தெரு எது? இந்தக் கேள்வியை யாரும் லேசாக விடக்கூடாது என்பது என் கருத்து.

உடம்பில் இருப்பதையெல்லாம் வீட்டிலேயே கழற்றிவிட்டு வந்தால் பாதிச் சிரமம் குறையும். அரைஞாண் கொடியைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள், அதுவும் வெள்ளிக் கொடி. இடுப்பைத்தான் படம் எடுக்கப் போகிறோம், கொடி சரியாக அந்த இடத்தில்தான் கிடக்கும். தங்கமும் வெள்ளியும் காந்தத்தில் ஒட்டாதுதான். ஆனால் ஸ்கேன் ஓடும்போது உலோகம் சூடாகலாம், அந்த இடத்துப் படமும் கெட்டுப்போகும். கொலுசில் திருகாணி எந்த உலோகம் என்று யாருக்குத் தெரியும்? தாயத்துக்குள் இருக்கிற தகடும் அப்படித்தான். மெட்டி கழறாமல் இறுகிப்போயிருந்தால் முந்தின நாளே சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றிப் பாருங்கள். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் ஒரு மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் கட்டிப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நூலும் மஞ்சளும் எங்களுக்கு ஒரு தடையும் இல்லை. அந்த மாதிரி வருகிற அம்மாக்களை நான் நன்றியோடு பார்ப்பேன், ஏனென்றால் கதவருகில் தாலியைக் கழற்றச் சொல்லி அழவைப்பது எங்களுக்கும் பிடித்த வேலை இல்லை.

ஜரிகை வைத்த வேட்டி, புடவை வேண்டாம், ஜரிகையிலும் உலோக இழை உண்டு. ஊக்கு, கொண்டை ஊசி, பல் செட், காது மிஷின், கைக்கடிகாரம், மொபைல், ஏ.டி.எம். அட்டை எல்லாம் வெளியே. வலிக்கு ஒட்டுகிற பிளாஸ்டரைப் பிய்த்துவிட்டு வாருங்கள். சிலவற்றில் மெல்லிய அலுமினியத் தகடு இருக்கும், தோலைச் சுட்டுவிடும்.

சாப்பாடு விஷயம். இடுப்பு எம்.ஆர்.ஐ.க்குச் சாதாரணமாக வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரைக்காரரைப் பட்டினியாகக் கூட்டிவந்து மயக்கம் போட வைக்காதீர்கள். இட்லி சாப்பிட்டு, வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு வரலாம். மயக்க மருந்து கொடுத்து எடுப்பதாக இருந்தால் மட்டும் பட்டினி, எத்தனை மணி நேரம் என்று அவர்களே சொல்வார்கள். முன்பே முதுகில் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும், கட்டி, கிருமித் தொற்று என்று சந்தேகம் உள்ளவர்களுக்கும் கை ரத்தக்குழாயில் படத்தைத் தெளிவாக்கும் மருந்து ஏற்றி எடுக்கலாம். அதற்குச் சிறுநீரக ரத்தப் பரிசோதனை கேட்போம்.

கடைசியாக, மல்லாந்து படுக்க முடியாதவர்கள். 20 முதல் 30 நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். அசைந்தால் படம் கலங்கும், திரும்ப எடுக்க வேண்டிவரும். மருத்துவர் கொடுத்த வலி மாத்திரையை ஒரு மணி நேரம் முன்னால் போட்டுக்கொண்டு வரலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்போம், இடுப்பு தளரும். டமடம என்று பெரிய சத்தம் வரும், காதுக்கு அடைப்பான் கொடுப்போம். கையில் ஒரு ரப்பர் பந்து இருக்கும், அழுத்தினால் நாங்கள் நிறுத்திவிடுவோம். குழாய்க்குள் போகப் பயமென்றால், கால் முதலில் போகிற மாதிரி படுக்கவைக்க முடியுமா என்று கேளுங்கள். இடுப்பு ஸ்கேனுக்குப் பல நேரம் அது முடியும், தலை வாசல் பக்கம் இருந்தால் மூச்சு முட்டுகிற எண்ணம் குறையும்.

பழைய எக்ஸ்ரே, பழைய ஸ்கேன் இருந்தால் கொண்டு வாருங்கள். ரிப்போர்ட் எழுதுகிற மருத்துவருக்கு அது பெரிய உதவி.

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

அண்ணா, இத்தனை பொறுமையாக யாரும் சொன்னதில்லை. அப்பாவிடம் கேட்டேன். கல்யாணத்துக்கு முன் சில வருடம் லேத் பட்டறையில் இருந்தாராம், கண்ணில் ஒரு தடவை துகள் எடுத்தார்களாம். இத்தனை வருடத்தில் எங்களுக்கே சொன்னதில்லை. தேதி வாங்கும்போது இதைச் சொல்லிவிடுகிறேன்.

காந்த அறை

பார்த்தீர்களா! அவசியம் சொல்லுங்கள். சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

சேர்வராயன் காப்பி

நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கிறேன். இந்த ஊசி போட்டுக்கொண்டவன். எனக்கு எல்4-எல்5, அதாவது இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு. மிளகுக் கொடிக்கு ஏணி தூக்கியபோது பிடித்துக்கொண்டது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும், அதனால் விவரமாகச் சொல்கிறேன். ஆபரேஷன் தியேட்டர் மாதிரி அறை. குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்கு அடியில் தலையணை கொடுத்தார்கள். முழு மயக்கம் கிடையாது, பேசிக்கொண்டே இருந்தேன். முதுகைக் குளிர்ந்த மருந்தால் துடைத்து, மரத்துப்போக ஒரு சின்ன ஊசி. அது மட்டும்தான் சுருக்கென்று எரிந்தது. சி-ஆர்ம் என்று ஒரு எக்ஸ்ரே மிஷின் வளைந்து மேலே நின்றது. மருத்துவர் திரையைப் பார்த்துக்கொண்டே மெல்லிய நீள ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். பிறகு ஒரு சாய மருந்தைச் செலுத்தி, அது நரம்பை ஒட்டி வழிகிறதா என்று திரையில் பார்த்தார். எனக்கும் தலையைத் திருப்பிக் காட்டினார்: கறுப்பாக ஒரு கோடு, எலும்புக்கு நடுவிலிருந்து சாய்வாக இறங்குகிறது. அதற்குப் பிறகுதான் மருந்து. மருந்து ஏறும்போது காலில் அதே பழைய வலி எழுந்து நின்றது. பதறிப்போய்ச் சொன்னேன். "எந்த இடம்?" என்று கேட்டார். பெருவிரல் என்றேன். "அப்படியென்றால் சரியான நரம்புதான்" என்றார். சில நொடியில் அடங்கிவிட்டது. மொத்தமும் சீக்கிரம் முடிந்துவிட்டது, காத்திருந்த நேரம்தான் அதிகம்.

மலை மேலே இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊசி போட்ட அன்றைக்குக் கால் சில மணி நேரம் மரத்துத் துவண்டுபோகலாம். வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். பிரேக்கில் கால் இருப்பதே தெரியாது. நான் அன்றைக்குக் கீழேயே அஸ்தம்பட்டியில் மைத்துனர் வீட்டில் தங்கிவிட்டேன். ராத்திரி காய்ச்சலோ கால் பலவீனமோ வந்தால் மருத்துவமனை பக்கத்தில் இருக்க வேண்டும் இல்லையா?

அப்புறம் பலன். முதல் நாள் வலி சுத்தமாக இல்லை. மறுநாள் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது, மனம் உடைந்துபோனேன். போன் செய்து கேட்டபோது, முதல் நாள் வேலை செய்தது மரத்துப்போகும் மருந்து, ஸ்டீராய்டு பிடிக்கச் சில நாள் ஆகும் என்றார்கள். அதேபோல ஒரு வாரத்துக்குள் கால் வலி பெரும்பகுதி இறங்கிவிட்டது. இடுப்பு வலி அவ்வளவாகக் குறையவில்லை. ஆனால் கால் வலி போனதால் நடக்க முடிந்தது, பயிற்சி செய்ய முடிந்தது. அதுதான் எனக்குக் கிடைத்த லாபம்.

அம்மாபேட்டைத் தறி

எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு 70க்கு மேல். ஆயுள் முழுக்கக் குழித்தறி. அவருக்கு ஒரு ஜவ்வு மட்டும் பிரச்சினை இல்லை, நரம்புகள் இறங்குகிற தண்டுவடக் கால்வாயே சுருங்கிவிட்டது. கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டு காலும் கனத்து உட்கார்ந்துவிடுவார், குனிந்து உட்கார்ந்தால் சரியாகிவிடும். ஊசி போட்டோம். சில வாரம் நன்றாக இருந்தார், பிறகு பழையபடியே ஆகிவிட்டது.

எனக்குக் கோபம் ஊசி மேல் இல்லை. நாங்கள் போன இடத்தில் மூன்று ஊசி சேர்த்து ஒரே பேக்கேஜ் என்று முன்பணம் கட்டச் சொன்னார்கள். முதல் ஊசி கேட்கிறதா என்று பார்க்காமல் மூன்றுக்கும் எதற்குப் பணம்? கேட்டால் பதில் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் இதைப் பற்றிச் சொல்லுங்கள்.

வலி மருத்துவம்

நான் மயக்கவியல் படித்து, வலி சிகிச்சையில் இருக்கிறேன். யாரையும் நேரில் பார்க்காமல் இந்த ஊசி போடுங்கள், போடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பொதுவாகத் தெரிய வேண்டியதைச் சொல்கிறேன்.

தறி நண்பருக்கு முதலில். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. முதல் ஊசிக்கு என்ன பலன் என்று பார்க்காமல் வரிசையாக மூன்று போடுவதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. ஒன்று போட்டு இரண்டு வாரம் போலப் பொறுத்துப் பார்க்க வேண்டும். நன்றாகக் கேட்டு, பிறகு வலி திரும்பினால் இன்னொன்றை யோசிக்கலாம். கொஞ்சமும் கேட்காவிட்டால் அதையே திரும்பப் போடுவதில் அர்த்தமில்லை. ஸ்டீராய்டு எலும்பையும் சர்க்கரையையும் பாதிக்கும் என்பதால் வருடத்துக்கு மூன்று, நான்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். கால்வாய்ச் சுருக்கத்தில் இந்த ஊசி நீண்ட நாள் நிற்காது என்பதும் நீங்கள் கண்ட அனுபவம் மட்டும் இல்லை, பொதுவாகவே அப்படித்தான்.

பிதுங்கிய ஜவ்வு நரம்பை அழுத்துவதோடு நிற்பதில்லை, அந்த இடத்தில் அழற்சியையும் உண்டாக்குகிறது. ஸ்டீராய்டு அந்த அழற்சியைத்தான் தணிக்கிறது. ஜவ்வை அது உள்ளே தள்ளாது, கரைக்காது. ஆனால் பிதுங்கிய ஜவ்வில் பெரும்பாலானவை சில மாதங்களில் தானாகவே சுருங்குகின்றன. அதுவரை ஆள் தூங்கவும் நடக்கவும் வேண்டும், அந்தக் காலத்தைக் கடத்தத்தான் ஊசி. கால் வலிக்குக் கேட்கிற அளவுக்கு வெறும் இடுப்பு வலிக்குக் கேட்காது. ஏற்காடு நண்பருக்கு நடந்ததும் அதுதான்.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு, ஆனால் அரிது. 2014-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த ஊசிகளுக்குப் பிறகு மிக அரிதாகப் பார்வை இழப்பு, பக்கவாதம், கால் செயலிழப்பு, மரணம்கூட நேர்ந்திருக்கிறது என்று எச்சரித்தது. ஊசி மருந்து தவறுதலாக ரத்தக்குழாய்க்குள் போனால் அப்படி ஆகலாம். கழுத்தில் போடுகிற ஊசியில் அந்த அபாயம் அதிகம். துகள் கலந்த ஸ்டீராய்டுகளால் குழாய் அடைபடலாம் என்பதால், நரம்பு வேர் ஊசிக்கு டெக்சாமெத்தசோன் போலத் துகள் இல்லாத மருந்தைப் பலர் விரும்புகிறார்கள். 2012-ல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கூடத்தில் சுத்தமில்லாமல் தயாரித்த ஸ்டீராய்டில் பூஞ்சை கலந்து, 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதனால் போடப்போகிறவரிடம் தயங்காமல் கேளுங்கள்: திரையில் பார்த்துத்தான் போடுகிறீர்களா, சாயம் செலுத்திச் சரிபார்ப்பீர்களா, எந்த ஸ்டீராய்டு, குப்பியைப் புதிதாக உடைக்கிறீர்களா? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

இனி கொலுசுப்பட்டறைத் தம்பிக்கு. குளோபிடோக்ரெல், இதுதான் உங்கள் அப்பா விஷயத்தில் முக்கியம். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோடு முதுகில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டித் தண்டுவடத்தை அழுத்தலாம். அதற்காக நீங்களாகவே நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். இரண்டில் எதையும் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. குளோபிடோக்ரெல்லை வழக்கமாக ஏழு நாள் முன்பு நிறுத்துவார்கள், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் இன்னொரு மாத்திரையான வார்ஃபரின் என்றால் ஐந்து நாள் நிறுத்தி ரத்தம் உறையும் நேரத்தையும் பரிசோதிப்பார்கள். ஆனால் நிறுத்தலாமா, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை இதய மருத்துவர் எழுதித் தர வேண்டும். ஆஸ்பிரினைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள்.

சர்க்கரை ஊசிக்குப் பிறகு சில நாள் ஏறும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் காலை, மாலை பார்த்துக் குறித்துவையுங்கள். ஏற்கெனவே சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடுவோம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, காலில் ஆறாத புண், முதுகில் கொப்புளம் எது இருந்தாலும் அப்படித்தான். சாய மருந்துக்கு முன்பு அலர்ஜி வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கன்னங்குறிச்சி

டாக்டர், எனக்கு ஒரு சந்தேகம். இரண்டாவது பிள்ளை சிசேரியன். அப்போது முதுகில் போட்ட ஊசியால்தான் இன்று வரை இடுப்பு வலி என்று எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். இவர் அம்மாவும் அதை நினைத்துத்தான் பயப்படுகிறாரோ என்னவோ. இரண்டும் ஒரே ஊசியா?

வலி மருத்துவம்

இரண்டும் வேறு அம்மா. சிசேரியனுக்குப் போடுவது மரத்துப்போகும் மருந்து. தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீருக்குள் போகும், சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இங்கே பேசுகிற ஸ்டீராய்டு ஊசி அந்த நீர்ப் பைக்கு வெளியே, நரம்பை ஒட்டிய இடத்தில் போடுவது. இடுப்பின் கீழ்ப்பகுதியில் தண்டுவடம் கிடையாது. அது முதல், இரண்டாம் இடுப்பு எலும்பு உயரத்திலேயே முடிந்துவிடும், கீழே தொங்குவது நரம்பு இழைகள் மட்டும்தான்.

சிசேரியன் ஊசியால் ஆயுளுக்கும் இடுப்பு வலி வரும் என்பதை ஆய்வுகள் காட்டவில்லை. குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டு, வலுவிழந்த வயிற்றுத் தசை, பிள்ளையைத் தூக்கிக் குனிந்து நிமிர்வது, தூக்கமில்லாத ராத்திரிகள், பிரசவத்துக்குப் பிறகு பயிற்சியே இல்லாதது, இவைதான் உங்கள் வலிக்குக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். வலியைப் பொய் என்று சொல்லவில்லை. ஊசியை நினைத்துக்கொண்டே இருந்தால் சரிசெய்யக் கூடிய காரணத்தைப் பார்க்காமல் விட்டுவிடுவோம். ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

கன்னங்குறிச்சி

இத்தனை வருடத்தில் யாரும் இப்படி உட்காரவைத்துச் சொன்னதில்லை. நன்றி டாக்டர்.

குகை மணி

செலவு பற்றி யாரும் பேசவில்லையே. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. இருக்கிறது, தனியாரைவிடக் கட்டணம் குறைவு, கூட்டம் அதிகம். குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கலாம். உங்கள் அப்பாவுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டுவிட்டு அப்புறம் தனியாருக்குப் போங்கள். அட்டையோடு ஆதாரும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

எம்.ஆர்.ஐ. முடிந்தது. கண் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்ற பிறகுதான் உள்ளே விட்டார்கள். அரைஞாண் கொடியை அப்பா கழற்றிக் கையில் கொடுத்தபோது, அது அவரே செய்தது என்று டெக்னீசியனிடம் சொன்னார். கால் முதலில் போகிற மாதிரி படுக்கவைத்தார்கள், பயப்படவில்லை.

ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் பயம். நாலைந்து இடத்தில் ஏதேதோ எழுதியிருக்கிறது. மூன்று ஜவ்வில் நீர் வற்றியிருக்கிறது, இரண்டில் பல்ஜ் (லேசான புடைப்பு), எல்5-எஸ்1-ல், அதாவது இடுப்பின் கடைசி எலும்புக்குக் கீழே உள்ள ஜவ்வில், இடது பக்கம் எக்ஸ்ட்ரூஷன் (நன்றாகப் பிதுங்கி வெளியே வந்தது), அது இடது எஸ்1 நரம்பை அழுத்துகிறது. முதுகெலும்பே போய்விட்டதா என்கிறார் அம்மா.

பிசியோ, அஸ்தம்பட்டி

இல்லை தம்பி. 61 வயதில் ஜவ்வில் நீர் வற்றுவது முடி நரைப்பது மாதிரி. 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு ஜவ்வு பல்ஜ் இருந்தது. 80 வயதில் 84 சதவீதம். வலி இல்லாதவர்களுக்கே இவ்வளவு என்றால், ரிப்போர்ட்டில் எழுதிய ஒவ்வொரு வரியும் நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்பாவுக்கு வலி எங்கே? தொடையின் பின்பக்கம், பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல். நுனிக்காலில் நிற்கும்போது தடுமாற்றம். இது அப்படியே எஸ்1 நரம்பின் பாதை. ரிப்போர்ட்டிலும் அதே நரம்பு, அதே இடது பக்கம். ஆளும் படமும் ஒத்துப்போகின்றன. ஊசி பலன் தர வாய்ப்பு இருப்பதும் இந்த மாதிரி ஆட்களுக்குத்தான். இன்னொரு நல்ல சேதி: இப்படி நன்றாகப் பிதுங்கி வெளியே வந்த ஜவ்வுதான், லேசான பல்ஜைவிட அதிகமாகத் தானே சுருங்கும்.

சேர்வராயன் காப்பி

அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கூகுளில் தேடாதீர்கள் தம்பி. மருத்துவரிடம் உட்கார்ந்து, படத்தைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள்.

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

ஊசி போட்டாயிற்று. தாமதமாகச் சொல்வதற்கு மன்னிக்கவும்.

இதய மருத்துவர் ஆஸ்பிரினைத் தொடரச் சொல்லி, குளோபிடோக்ரெல்லை மட்டும் ஏழு நாள் நிறுத்தி, எப்போது திரும்பத் தொடங்குவது என்றும் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அம்மாவையும் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ஊசி எந்த இடத்தில் போகும் என்று பிளாஸ்டிக் முதுகெலும்பு பொம்மையில் தொட்டுக் காட்டினார். தண்டுவடம் அந்த உயரத்துக்கு வராது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அம்மா சம்மதித்தார்.

காப்பி அண்ணன் சொன்ன மாதிரியே நடந்தது. முதல் நாள் சுகம், மறுநாள் வலி திரும்பியது. முன்பே தெரிந்திருந்ததால் யாரும் பதறவில்லை. இப்போது கால் வலி பாதிக்குக் கீழே வந்துவிட்டது, ராத்திரி தூங்குகிறார். சர்க்கரை வழக்கமாக 150 பக்கம் இருப்பது 270 வரை போனது, இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது. முகம் இரண்டு நாள் சிவந்திருந்தது. இவை எல்லாம் சரிதானா? அப்புறம், பட்டறைக்குப் போகத் துடிக்கிறார். ஆவணி முகூர்த்த ஆர்டர் நிற்கிறது. எப்போது விடலாம்?

வலி மருத்துவம்

முகம் சிவப்பது, தூக்கம் கலைவது, விக்கல் எல்லாம் ஸ்டீராய்டால் வருவது, தானே போய்விடும். சர்க்கரை இறங்குவது நல்லது. 300-ஐத் தாண்டினாலோ, அதிக தாகமும் சோர்வும் இருந்தாலோ சர்க்கரை மருத்துவரை உடனே பாருங்கள், நீங்களாக மாத்திரையைக் கூட்ட வேண்டாம். காய்ச்சல், குத்திய இடத்தில் வீக்கம் அல்லது சீழ், உட்கார்ந்தால் தலை பிளந்து படுத்தால் குறைகிற தலைவலி, காலில் புதிதாகப் பலவீனம், சிறுநீர் சிக்கல் எது வந்தாலும் போட்ட இடத்துக்கே அன்றைக்கே போங்கள். குளோபிடோக்ரெல்லை எழுதிய தேதியில் திரும்பத் தொடங்கினீர்களா?

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

தொடங்கிவிட்டோம் டாக்டர். அம்மா காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

பிசியோ, அஸ்தம்பட்டி

பட்டறைக்கு விடலாம், ஆனால் பழையபடி தரையில் விடாதீர்கள். வலி இல்லை என்பதற்காக முதல் நாளே நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்தால், வலி தெரியாமலே ஜவ்வை மறுபடி நெருக்குவார். காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் தொடங்கட்டும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து வாசல் வரை நடந்துவிட்டு வர வேண்டும், மொபைலில் அலாரம் வையுங்கள். வேலைப் பலகையை மேசை உயரத்துக்கு ஏற்றி, முதுகு சாய்கிற நாற்காலி போடுங்கள். கண்ணி கோக்கிறது நெஞ்சு உயரத்துக்கு வந்தால் கழுத்தும் இடுப்பும் வளையாது. வெள்ளிக் கட்டி, தண்ணீர்க் குடம் எதையும் தூக்கக் கூடாது. சாயங்காலம் தெருவில் நடை, முடிகிற அளவுக்கு.

வரும் வாரம் என்னிடம் கூட்டி வாருங்கள். நுனிக்காலில் நிற்பதை மறுபடி பார்க்க வேண்டும்.

குகை மணி

பலகையை உயர்த்த ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள் தம்பி. எங்கள் பட்டறையில் நாலு பேருக்கு அப்படித்தான் மேசை அடித்துக் கொடுத்தோம். முழங்கால் உள்ளே போக இடம் விட்டு அளவெடுக்க வேண்டும், இல்லையென்றால் மேசை முன்னால் உட்கார்ந்தும் குனியத்தான் வேண்டிவரும். ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்க வருகிறேன்.